கைப்பிடி நீண்ட கண்ணாடி

நடூர், கோசோ தீவு
ஜூலை 2

அன்புள்ள வூலாவுக்கு,

நீயும் என் மகன் ரெனால்டும் மெல்போர்னில் நலமாயிருக்க மாதாவை வேண்டுகிறேன். அன்பளிப்பு கிடைத்தால் மூன்று நாளுக்குள் நன்றி எழுத வேண்டும் என்று கன்னியர் மடத்துப் பள்ளியில் எங்களைப் பழக்கினார்கள். நான் பதினான்கு மாதம் பிந்திவிட்டேன். மன்னித்துக்கொள்.

போன வருடம் சர்க்கரை நோயால் என் இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தபோது, விடுப்புப் போட்டு வந்தாய். குளியலறையில் உதவ வந்த உன் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தினேன். புறப்பட்ட அன்று என் தலையணைமேல் கைப்பிடி நீண்ட இந்த முகம் பார்க்கும் கண்ணாடியையும் ஒரு சீட்டையும் வைத்துவிட்டுப் போனாய். "தினமும் வெட்டுன காலுக்கு அடியில பாருங்கம்மா, சர்க்கரையால அங்க உங்களுக்கு வலி தெரியாது." ஒரு கிரேக்கப் பெண்ணா எனக்குச் சுத்தம் சொல்லித்தருவது என்று, மேசை விரிப்புகளுக்கு அடியில் அதைக் கவிழ்த்துப் போட்டேன்.

மடத்து விடுதியில் நாங்கள் நீள அங்கியோடுதான் குளிப்போம். சொந்த உடம்பைப் பார்ப்பது அடக்கமில்லாத செயல். அறுபத்தைந்து வருடமாக அப்படியேதான் குளிக்கிறேன். வெட்டிய இடத்தையும் அங்கிக்குள் கைவிட்டுத் தடவித்தான் கழுவினேன். அதுவும் காலையில், துணி துவைக்கும் சோப்பால். காரம் எவ்வளவோ சுத்தமும் அவ்வளவு என்று நம்பினேன். ஈரம் காயுமுன் வெட்டிய இடத்தின்மேல் ரப்பர் உறையை இழுத்து மாட்டி, பொய்க்காலை மாட்டிக்கொள்வேன். ஒருமுறைகூட அந்த இடத்தை நான் பார்த்ததில்லை.

ஜூன் வெயிலில் உறைக்குள் வியர்வை நின்றது. தோல் அரித்தது. ஓடிகோலோன் வாசனைத் தண்ணீர் தடவினேன். எங்கள் ஊர்ப் புனிதர்களின் திருவிழாவுக்குப் பத்து நாள் இருக்கையில், ரொட்டி கொண்டுவந்த பக்கத்து வீட்டு ஜித்தா மூக்கைச் சுளித்தாள். "ஒலிம்பியாக்கா, வீட்டுக்குள்ள எலி செத்துக் கிடக்கா?" அவள் நாக்கு உனக்குத் தெரியும். என் வீட்டில் எலியா என்று கோபத்தோடு மூலை முடுக்கெல்லாம் தேடினேன். உறையைக் கழற்றியபோதுதான் நாற்றம் என்னுடையது என்று புரிந்தது.

ஜித்தாவிடம் காலைக் காட்ட மறுத்தேன். "பாக்குறது பாவம்னா, அழுக விடுறது புண்ணியமாக்கும்!" என்று கத்தினாள். அவளைச் சுவர்ப் பக்கம் திரும்பி நிற்கச் சொல்லிவிட்டு, உன் கண்ணாடியைத் தேடி எடுத்தேன்.

அடிப்பக்கத்தில் ஒரு ஆலிவ் காய் அளவுக்குத் தோல் உரிந்து சீழ் கட்டியிருந்தது. அதற்கு மேலே தழும்பு. தையல் வளையாமல் நேராக ஓடியிருந்தது. மடத்தில் தையல் கற்பித்த சகோதரிகூடக் குறை சொல்லியிருக்கமாட்டார். இவ்வளவு நேர்த்தியாகச் செய்த வேலையை ஒரு வருடமாக மறைத்து வைத்திருந்தேனே!

அன்றே ஜித்தா என்னை மருத்துவமனைக்கு இழுத்துப் போனாள். "எலும்பு வரைக்கும் போகலம்மா. போயிருந்தா முழங்காலும் போயிருக்கும். கண்ணாடி வெச்சுப் பாக்கணும்னு யாரு சொன்னது?" என்று டாக்டர் கேட்டார். என் மருமகள் என்றேன். உங்கள் கல்யாணமான இந்த எட்டு வருடத்தில் உன்னை நான் அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. ஜித்தா சும்மா இருப்பாளா? "அட, இவங்களுக்கு மருமக இருக்கா!" என்றாள்.

புண் ஆறும்வரை பொய்க்கால் கூடாது என்று உத்தரவு. திருவிழாவன்று பாவாடை வெறுமையாகத் தொங்க, சக்கர நாற்காலியில் வாசலில் உட்கார்ந்திருந்தேன். ஊரே என்னைப் பார்க்கும் என்று பயந்தேன். எல்லோரும் ஊர்வலத்தில் வந்த புனிதர்களின் சிலைகளைத்தான் பார்த்தார்கள்.

இப்போது இரவில் குழந்தை சோப்பால் கழுவி, ஒற்றித் துடைத்து, கண்ணாடியில் பார்க்கிறேன். உறையையும் கழுவிக் காயவைக்கிறேன். புண் மூடி வருகிறது. இந்த முழங்காலை எனக்குத் தந்தவள் நீ.

டிசம்பரில் வாருங்கள். ரெனால்டுக்கு வேலை இருந்தால் நீ மட்டுமாவது வா. கண்ணாடியை எப்படித் திருப்பினாலும் முழங்காலின் பின்மடிப்பு எனக்குச் சரியாகத் தெரிவதில்லை. குளியலறைக் கதவை நான் இப்போது தாழிடுவதில்லை.

ஆண்டவர் உன் கைகளை ஆசீர்வதிப்பாராக.

உன் மாமியார்,
ஒலிம்பியா காமில்லேரி