எங்கள் டீசல் காரை உடைக்கத் தருவதாகப் படிக்காமல் நான் இட்ட கையெழுத்து குறித்து

அனுப்புநர்
ச. ஜெசிந்தா, பி.காம்.,
த/பெ. சந்தியாகு,
மாதா கோயில் தெரு,
கோட்டைக்குப்பம்,
பழவேற்காடு.

பெறுநர்
வட்டாரப் போக்குவரத்து அலுவலர் அவர்கள்,
வட்டாரப் போக்குவரத்து அலுவலகம்.

பொருள்: பதினைந்து ஆண்டு முடிந்த டீசல் கார் – பதிவுச் சான்று புதுப்பித்தல் – அடித்தளம் சீர் செய்யப்பட்டது – மறு ஆய்வு கோருதல் – வாகனத்தை உடைக்க அளித்த இசைவை ரத்து செய்ய வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: 1. வாகன ஆய்வு நாள் 09.04.2025.
2. தங்கள் அலுவலக அறிவிப்பு நாள் 07.07.2025.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். இணைப்பில் கண்ட பதிவுச் சான்றின்படி வெள்ளை நிற டீசல் கார் ஒன்றுக்கு நான் உரிமையாளர். வருகிற 31ஆம் தேதிக்குள் அந்தக் காரை உடைப்பு நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும் என்று பார்வை இரண்டில் கண்ட அறிவிப்பு சொல்கிறது. அதற்கு இன்னும் பதினைந்து நாட்களே இருப்பதால், நடந்ததை ஒன்றும் விடாமல் தங்கள் முன் வைக்கிறேன். எங்கள் பக்கத்துத் தவறுகளும் இதில் உண்டு.

1. இந்தக் காரை 2017இல் என் தந்தை பழைய வண்டியாக வாங்கினார். நான் பட்டம் பெற்றதும் என் பெயருக்கு மாற்றினார். எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். "இனிமே எல்லாப் பேப்பரும் நீ பாத்துக்கோ" என்று சொல்லி, காப்பீடு, புகைச் சான்று உட்பட எல்லாம் இருந்த பிளாஸ்டிக் உறையை என்னிடம் தந்தார்.

2. என் தாயார் லூர்துமேரிக்கு இரண்டு சிறுநீரகங்களும் செயலிழந்துவிட்டன. செவ்வாயும் வெள்ளியும் பொன்னேரிக்குச் சென்று ரத்தச் சுத்திகரிப்பு செய்துகொள்கிறார். முடிந்து வெளியே வரும்போது அவருக்குக் கால் நரம்புகள் இழுக்கும், உட்கார முடியாது. காரின் பின் இருக்கையில் தலையணை வைத்துப் படுத்து, கால்களைக் கதவின் மேல் தூக்கி வைத்தபடிதான் வீடு வந்து சேருவார். இந்தக் கார் எங்களுக்கு எதற்கு என்றால் இதற்குத்தான்.

3. கார் துருப்பிடித்ததற்குக் கடல் காற்றை மட்டும் காரணம் சொல்ல மாட்டேன். நோய் வருவதற்கு முன் என் தாயார் இறால் வியாபாரம் செய்தார். பழவேற்காட்டிலிருந்து இறால் ஐஸ் பெட்டிகளை இந்தக் காரில் ஏற்றி விற்கக் கொண்டுபோனோம். சொந்தப் பயன்பாட்டு வண்டியில் அப்படி ஏற்றியது தவறு என்று இப்போது அறிவேன். பெட்டியிலிருந்து வடிந்த உப்புத் தண்ணீர் தரை விரிப்புக்குக் கீழே தங்கித் தகட்டைத் தின்றுவிட்டது. சென்ற ஆண்டு ஓட்டுநர் இருக்கைக்குக் கீழே சாலை தெரிந்தது.

4. என் தந்தை மீன்பிடித் தொழிலோடு ஃபைபர் படகுகளைப் பழுது பார்ப்பவர். படகில் ஓட்டை விழுந்தால் செய்வதையே காருக்கும் செய்தார். துருவைத் தேய்த்துவிட்டு, ஃபைபர் மேட் என்னும் இழைத் துணியை இரண்டு அடுக்கு போட்டு, ரெசின் பசை ஊற்றி மூடினார். படகு என்ஜின் மெக்கானிக் வேணு அண்ணன்தான் இந்தக் காரின் என்ஜினையும் பார்ப்பவர். டீசல் ஃபில்டரில் தண்ணீர் இறங்கியிருந்தாலும், ஹீட்டர் பிளக் போயிருந்தாலும் சத்தத்தை வைத்தே சொல்லிவிடுவார். அவரும் குனிந்து பார்த்துவிட்டு, "சூப்பரா கீது மாமா" என்றார். தண்ணீர் உள்ளே வராவிட்டால் பழுது சரியாகிவிட்டது என்பது எங்கள் ஊர்க் கணக்கு. காரின் தரை ஆட்களின் எடையைத் தாங்க வேண்டியது என்று எங்களில் யாருக்கும் தோன்றவில்லை.

5. 09.04.2025 அன்று ஆய்வாளர் அவர்கள் காருக்கு அடியில் விளக்கடித்துப் பார்த்தார். "இன்னாம்மா இது, ஏரியில எறக்கப் போறீங்களா?" என்று கேட்டார். என் தந்தை அதைக் கேலி என்று எடுத்துக்கொள்ளவில்லை. "எறக்குனாலும் ஒரு சொட்டு உள்ள வராது சார், நான் கேரண்டி" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். என் தந்தையும் அவர்களோடு சேர்ந்து சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

6. ஆய்வாளரின் முடிவு சரியானது. அதன் மேல் எனக்குப் புகார் இல்லை. என் புகார் அடுத்து நடந்ததைப் பற்றியது. சான்று மறுக்கப்பட்டதற்கான தாள் என்று சொல்லி, மேசையிலிருந்த எழுத்தர் என்னிடம் மூன்று தாள்கள் தந்தார். மூன்றும் ஆங்கிலத்தில் இருந்தன. நான் முதல் தாளைப் படிக்கத் தொடங்கியதும், "படிச்ச பொண்ணுதானே, இதுக்கு எவ்ளோ நேரம்? பின்னாடி ஆளுங்க நிக்கறாங்க பாரு" என்றார். அதே நேரம் என் தந்தை அருகில் நின்றவரிடம், "எம் பொண்ணு பி.காம்., எல்லாம் இங்கிலீஷ்லயே படிப்பா" என்று சொல்லிக்கொண்டிருந்தார். மெதுவாகப் படித்தால் அந்தச் சொல் பொய்யாகிவிடுமே என்று எனக்குப் பட்டது. மூன்றிலும் படிக்காமல் கையெழுத்திட்டேன்.

7. மூன்றாவது தாள், வாகனத்தை என் விருப்பத்துடன் உடைக்க ஒப்படைக்கும் இசைவுப் படிவம். அப்படி ஒரு விருப்பத்தை நானோ என் தந்தையோ அன்று யாரிடமும் சொல்லவில்லை. எழுத்தரும் அது என்ன தாள் என்று கூறவில்லை. எங்களுக்கு நகலும் தரவில்லை.

8. இது தெரியாமல் நாங்கள் காரைச் சீர் செய்தோம். காரை ஓட்டாமல் லாரியில் ஏற்றிக் கொண்டுபோய், ஜூன் 12 முதல் 14 வரை மீஞ்சூரில் சீனிவாசன் என்பவரின் பட்டறையில் விட்டோம். அங்கே ஃபைபரை வெட்டி எடுத்தார்கள். அது ஒரே பலகையாகக் கழன்று வந்தது. அதன் அடியில் இருந்த பழைய தகடு விரல் பட்டதும் உதிர்ந்தது. என் தந்தை அதை நெடுநேரம் பார்த்துவிட்டு, "இதும்மேலயா ஒங்கம்மாவ படுக்க வெச்சிகினு போனேன்" என்றார். பிறகு துரு ஏறாத இடம் வரை வெட்டி, புது இரும்புத் தகடு வைத்து வெல்டிங் செய்து, துருத் தடுப்புப் பூச்சும் அடித்தாயிற்று. கழற்றிய ஃபைபர் பலகையில் இப்போது எங்கள் வீட்டில் இறால் காய்கிறது.

9. மறு ஆய்வுக்குத் தேதி கேட்க 23.06.2025 அன்று நான் மட்டும் வந்தேன். "வண்டிய ஒடைக்கறதுக்கு எழுதிக் குடுத்துட்டு இப்ப வந்து டேட் கேக்கற?" என்று சொல்லி அதே எழுத்தர் அந்தப் படிவத்தைக் காட்டினார். கையெழுத்து என்னுடையதுதான். தேதி தரப்படவில்லை. நான் எழுதி வந்த மனுவையும் வாங்க மறுத்துவிட்டார்.

10. பதிவுச் சான்று ஏப்ரல் 27உடன் முடிந்துவிட்டதால் கார் வீட்டு வாசலிலேயே நிற்கிறது. அன்று முதல் நேற்று வரை இருபத்து மூன்று முறை என் தாயாரைப் பொன்னேரிக்கு அழைத்துச் சென்றிருக்கிறோம். இருபத்திரண்டு முறை பேருந்தில். திரும்பும்போது உட்கார இடம் கிடைத்தாலும் காலை நீட்ட முடியாது. கம்பியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடியிருப்பார். வலிக்கிறதா என்று கேட்டால், "ஒன்னும் இல்லடி, ஸ்டாப்பிங்க பாரு, உட்றப் போற" என்பார். மே 23 அன்று போகும்போதே, பழவேற்காடு பேருந்து நிலையத்தில் மயங்கி விழுந்தார். அந்த ஒருமுறை என் தந்தை வீட்டுக்கு ஓடிப் போய்க் காரை எடுத்து வந்து, அதிலேயே பொன்னேரிக்கு அழைத்துப் போய்த் திரும்பினார். சான்று இல்லாத வண்டியைச் சாலையில் ஓட்டியது குற்றம். அதற்கு அபராதம் உண்டென்றால் உரிமையாளரான என் பெயரில் விதிக்கும்படி வேண்டுகிறேன்.

11. ஜூன் 23க்குப் பிறகு மூன்று வாரமாக நான் வீட்டில் உண்மையைச் சொல்லவில்லை. தினமும் காலையில் என் தந்தை பேட்டரி இறங்கிவிடாமல் இருக்கப் பத்து நிமிடம் என்ஜினை ஓட விடுவார். அணைத்துவிட்டு, சாவியை ஆணியில் மாட்டும்போது, "தேதி வந்துச்சாம்மா?" என்று கேட்பார். இன்னும் இல்லை நைனா என்பேன். பக்கத்துத் தெருவில் லாரி சத்தம் கேட்டாலும் காரை ஏற்றிப் போக நம் வீட்டுக்குத்தான் வருகிறதோ என்று எழுந்து போய்ப் பார்க்கிறேன். தபால்காரர் ஜூலை 9 அன்று கொண்டுவந்த தங்கள் அறிவிப்பையும் அதே பிளாஸ்டிக் உறையில்தான் ஒளித்து வைத்திருந்தேன்.

ஆகவே ஐயா அவர்கள்,

அ. 09.04.2025 நாளிட்ட இசைவுப் படிவம், அதன் பொருள் எனக்குச் சொல்லப்படாமலும் நான் படிக்காமலும் பெறப்பட்டது என்பதைக் கருத்தில் கொண்டு அதை ரத்து செய்யவும்,

ஆ. 31ஆம் தேதிக்கு முன்பாக மறு ஆய்வுக்கு ஒரு நாள் ஒதுக்கவும், முடிந்தால் அது செவ்வாய், வெள்ளி தவிர்த்த நாளாக இருக்கவும்,

இ. ஆய்வில் தரை இன்னும் உறுதியில்லை என்று தெரிந்தால் அதை எங்களுக்குத் தமிழில் எழுதித் தரவும்

வேண்டுகிறேன். முன்பு ஆய்வு செய்த அதே ஆய்வாளர் வந்து பார்த்தாலும் எங்களுக்குச் சம்மதம். வரும் வெள்ளியன்று என் தாயார் இருபத்து நான்காம் முறையாகப் போக வேண்டும்.

இந்த மனுவை எழுதி முடித்ததும் நேற்று மாலை என் தந்தையிடம் முழுவதும் வாசித்துக் காட்டினேன். அவர் இதை அறிந்தது அப்போதுதான். ஆறாவது பத்தி வந்தபோது எழுந்து வெளியே போய்க் காரின் அருகில் நின்றார். திட்டுவார் என்று நினைத்தேன். திரும்பி வந்து, "கையெழுத்து போடறதுக்கு முன்னால இன்னொரு தபா படி, மெதுவாவே படி, நான் கேக்கறேன்" என்றார். படித்தேன். இன்று காலை மறுபடியும் படிக்கச் சொன்னார். மூன்று முறை படித்த பின்பே கீழே கையெழுத்திட்டிருக்கிறேன்.

இடம்: கோட்டைக்குப்பம்
நாள்: 16.07.2025

தங்கள் உத்தரவை எதிர்நோக்கும்,
ச. ஜெசிந்தா

இணைப்பு:
1. பதிவுச் சான்று, காப்பீடு, புகைச் சான்று நகல்கள்
2. வெல்டிங் பட்டறையின் சான்றும் அடித்தளப் புகைப்படங்கள் நான்கும்
3. தாயாரின் சிகிச்சை அட்டை நகல்
4. 07.07.2025 நாளிட்ட அறிவிப்பின் நகல்