தோல் லாரியில் வந்தவள்

அண்ணா,

நேற்று மாதுங்காவில் உன் வீட்டுக்குப் போயிருந்தேன். மன்னி உன் சாமான்களை ஒழித்துக்கொண்டிருந்தாள். விமானத்தில் உனக்குக் கொடுத்த அந்த நீலப் பையை நீட்டி, "ஞாபகமா நீ வெச்சுக்கோ" என்றாள். ஜிப்பைத் திறந்ததும் உன் சென்ட் வாசனை. உள்ளே ஒரு வரைபடம். பம்பாயிலிருந்து மெட்ராசுக்கு ஒரே நேர்கோடு. எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. பையை அங்கேயே வைத்துவிட்டு வந்துவிட்டேன். செத்துப் போனவர்கள் மேல் கோபப்படக் கூடாதாம். எனக்கு அந்தப் பக்குவம் வரவில்லை.

அம்மாவுக்கு முடியவில்லை என்று தந்தி வந்தபோது நல்ல மழை. தண்டவாளம் அடித்துக்கொண்டு போய் மெட்ராஸ் ரயில் நின்றிருந்தது. ஆபீசில் உனக்கு மட்டும் ஒரு விமான டிக்கெட் எடுத்துக் கொடுத்தார்கள். "ஏர்ல அறுநூத்துச் சொச்சம் மைல்தான். ரோட்ல எண்ணூறுக்கு மேல. நீ பேசாம இரு, நான் பாத்துக்கறேன்" என்றாய்.

"எப்படியும் வந்துடுவேன். அம்மாகிட்ட சொல்லு."

தலையை ஆட்டினாய்.

என் ஆத்துக்காரர் தாராவியில் அலைந்து, மெட்ராசுக்குப் பதனிட உப்புத்தோல் ஏற்றிப் போகும் லாரி ஒன்றைப் பிடித்தார். லாரியில் புறப்பட்டுவிட்டோம் என்று மன்னி உனக்குத் தந்தியும் கொடுத்தாள். டிரைவர் திருநெல்வேலிக்காரர். நாற்றத்துக்குப் புடவைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டேன். கண்டாலா மலையில் மண் சரிந்து கிடந்தது. ஹூப்ளிக்கு அப்பால் ஓடைத் தண்ணீர் வடியக் காத்திருந்தபோது அழுதுவிட்டேன். "அழாதிய தாயி. ஒங்க அம்மை மொகத்த நீங்க பாக்கணும். தூங்காம ஓட்டுதேன்" என்றார் அவர். சொன்னபடியே ஓட்டினார்.

விடிகாலையில் மாம்பலத்தில் இறங்கினோம். வீடு கழுவி விட்டிருந்தது. வாசலில் சித்தி.

"இப்ப எதுக்குடி வந்தே? வரமாட்டேன்னு சொல்லிட்டியாமே. நேத்து மத்தியானம் போயிட்டா. சாயங்காலமே எடுத்தாச்சு."

"யார் சொன்னா, வரமாட்டேன்னு?"

"உங்கண்ணாதான். உங்கம்மா வாசலையே பாத்துண்டிருந்தா. 'அவ வரலைம்மா'ன்னு அவகிட்டயே சொன்னானே."

கொல்லையில் உன் தோளைப் பிடித்து உலுக்கினேன். அப்போதும் நீ குரலைத்தான் தாழ்த்தினாய். "மெதுவாப் பேசு. பெரிய மனுஷாள்லாம் வந்திருக்கா. என் தங்கை தோல் லாரில வந்து இறங்கறான்னு அவாகிட்ட எப்படிச் சொல்றது?"

தெருவில் அந்த டிரைவர் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார். அவருக்கு ஒரு வாய்த் தண்ணீர் கொடுக்கக்கூட நீ விடவில்லை.

அதன் பிறகும் பண்டிகைக்குப் பண்டிகை செம்பூரில் எங்கள் வீட்டுக்கு வந்தாய். காபி கொடுத்தேன். ஒரு தடவையாவது நீயாக அந்தப் பேச்சை எடுப்பாய் என்று பார்த்தேன். "அம்மா போறச்சே நான்தான் பக்கத்துல இருந்தேன்" என்று அடுத்த வீட்டுக்காரர்களிடம் பெருமையாகச் சொன்னாய். அன்றைக்கே உன்னை வெளியே போகச் சொல்லியிருக்க வேண்டும்.

சித்தி இன்னொன்றும் சொன்னாள். நான் வரவில்லை என்று நீ சொன்னதும் அம்மா, "பாவம், அவளுக்கு அங்க என்ன கஷ்டமோ. அவளைக் கோச்சுக்காதேடா" என்றாளாம். அதையும் கேட்டுக்கொண்டு நின்றிருக்கிறாய். அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாமே. அந்த நேரத்தில் நான் ஹூப்ளி தாண்டி வந்துகொண்டிருந்தேன், அண்ணா.

நான் செய்யாத ஒன்றுக்காக அம்மா என்னை மன்னித்துவிட்டுப் போய்விட்டாள். அந்த மன்னிப்பை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.