பேசக்கூடாத ஒரு மணி நேரம்

மார்ச் 4, செவ்வாய்

மாத்திரை தொடங்கி இன்றோடு மூன்று மாதம். முகமெல்லாம் பரு, நாற்பத்தேழு வயதில்! “பரு வந்தா மருந்து வேலை செய்யுதுன்னு ஒரு நம்பிக்கை” என்றார் டாக்டர். அதனால் கண்ணாடியில் ஒவ்வொரு பருவுக்கும் நன்றி சொல்கிறேன்.

முதல் நாள் அவர் விளக்கியது இன்னும் நினைவிருக்கிறது. “கைனேஸ்னு சில புரதங்கள் இருக்கு. செல்லுக்குள்ள சுவிட்சு மாதிரி. உங்க நுரையீரல் புற்றுநோய்க் கட்டியில ஒண்ணு அணையாம மாட்டிக்கிச்சு. வளரு வளருன்னு சொல்லிக்கிட்டே இருக்கு. கட்டியும் சர்க்கரையை அள்ளித் தின்னுது. மாத்திரை அந்த சுவிட்சை அணைச்சு வைக்கும்.” அந்த சுவிட்சும் என்னைப் போல ஓயாமல் பேசுகிற ரகம்தான்.

மார்ச் 6, வியாழன்

ஸ்கேன். கதிர்வீச்சு கலந்த சர்க்கரையை ஊசியில் ஏற்றினார்கள். அதைத் தின்னும் இடமெல்லாம் படத்தில் ஒளிருமாம். ஒரு மணி நேரம் பேசாமல், அசையாமல் உட்காரச் சொன்னார்கள்.

திரைக்கு அந்தப் பக்கம் ஒரு பெண் விசும்பிக்கொண்டிருந்தாள். அவளுக்கு முதல் ஸ்கேன். எனக்கு மனசு கேட்கவில்லை. ஏதேதோ பேசினேன், கடைசியில் சிரித்துவிட்டாள்.

மார்ச் 10, திங்கள்

நுரையீரல் கட்டி சுருங்கிவிட்டது, சர்க்கரையும் அவ்வளவாக எடுக்கவில்லை. ஆனால் தொண்டை ஒளிர்கிறது. போன தடவை இல்லை.

“கட்டி மாத்திரைக்குத் தப்பி வேற வழியில பரவுதான்னு பாக்கணும். அப்படின்னா மருந்தை மாத்தணும்” என்றார் டாக்டர். வியாழக்கிழமை தொண்டைக்குள் பார்ப்பார்கள்.

மார்ச் 11

வலிக்குதா? வலிக்கிற மாதிரி தோணுதா? எச்சில் முழுங்கவே பயமா இருக்கு.

மார்ச் 12, புதன்

நாத்தனார் வந்தாள். அவள் அண்ணன், என் கணவர், வெளியூர் வேலைக்குப் போனதிலிருந்து என்னோடு ஆஸ்பத்திரிக்கு வருவது அவள்தான். வார்த்தைகளை எண்ணிச் செலவழிப்பவள். கேரட் நறுக்கிக்கொண்டே கேட்டாள்:

“அண்ணி, அன்னைக்கு உள்ள பேசினீங்களா?”

“ஒரு பொண்ணு அழுதுச்சு... ஏன்?”

“எவ்வளவு நேரம்?”

“முக்கால் மணி இருக்கும்.”

கத்தியைக் கீழே வைத்தாள். “வேலை செய்யற தசையும் சர்க்கரை எடுக்கும், பேசினா தொண்டையும் ஒளிரும்னு அவங்க குடுத்த தாள்ல இருந்துச்சே.” நான் படிக்காமல் கையெழுத்துப் போட்ட தாள். வெளியே காத்திருந்த நேரத்தில் அவள் அதை வரி விடாமல் படித்திருக்கிறாள். உடனே ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டாள்.

மார்ச் 13, வியாழன்

மூக்கு வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார்கள். தொண்டை சுத்தம். என் வாய்தான் காரணம். அதே மாத்திரை தொடரும்.

“அடுத்த தடவை வாயில பிளாஸ்திரி ஒட்டித்தான் உள்ள விடணும்” என்றார் டாக்டர். நாத்தனார் சத்தமாகச் சிரித்தாள். இருபது வருடத்தில் நான் கேட்காத சிரிப்பு. அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

“விடுங்க அண்ணி, எல்லாரும் பாக்கறாங்க.”

விடவில்லை. நன்றி சொல்லலாம் என்றால் இந்த மாத்திரையைக் கண்டுபிடித்தவர்கள் முகம்கூட எனக்குத் தெரியாது. இவளையாவது பிடித்துக்கொள்கிறேன்.

ஏப்ரல் 5, சனி

கண்ணாடிக் கடையில் பவர் மாற்றினேன். “ரெண்டு வருஷம் கழிச்சு வந்து மறுபடி செக் பண்ணிக்கோங்க” என்றார் கடைக்காரர்.

“சரி, வரேன்” என்றேன். தெருவுக்கு வந்த பிறகுதான் உறைத்தது: இரண்டு வருடம் கழித்து வருகிறேன் என்று யோசிக்காமலே சொல்லியிருக்கிறேன்.