திரும்பிப் போன பெட்டி

மாமல்லபுரம்,
4.2.2025

அன்புள்ள மச்சான் கிருபாகரனுக்கு,

நானும் ஜாக்குலினும் நலம். சுருட்டுப் பெட்டியின் அடியில் வழக்கம்போல நீ வைத்த கடிதம் கிடைத்தது. பெட்டிதான் சரியில்லை. விலை இரண்டு மடங்கு, சுருட்டைச் சுற்றிய பட்டையில் தங்க எழுத்து, முகர்ந்தால் ஒன்றுமில்லை. நாம் இருவரும் இந்த ரிசார்ட் பாரில் சேர்ந்தபோது வந்த சரக்கை நினைத்துப் பார். துபாய் கடையில் பொறுக்கித்தான் அனுப்புகிறாயா, கண்ணை மூடிக்கொண்டு அள்ளிப் போடுகிறாயா? திருப்பி அனுப்புகிறேன், கோபிக்காதே.

உன் பெஞ்சமின்

துபாய்,
27.2.2025

அன்பு பெஞ்சமினுக்கு,

கோபமில்லை, வருத்தம்தான். சரக்கு முன்போல இல்லை என்பது உண்மை. இலை பதமாகும் முன்பே சுருட்டி விற்கிறார்கள். அதனால்தான் பட்டையைப் பார்க்காமல், ஒவ்வொன்றையும் நுனிமுதல் அடிவரை அழுத்தி, முடிச்சும் பொக்கும் இல்லாததாக, மேலிலையில் எண்ணெய் மினுக்கு உள்ளதாக எடுக்கிறேன். இந்தப் புதுப் பெட்டியில் உள்ள இருபத்தைந்தும் அப்படி எடுத்தவை. கோக்கோ வாசனை தூக்குகிறது.

இன்னொரு பெட்டி திரும்பினால் என்னை ஊருக்கு அனுப்பிவிடுவதாக முதலாளி சொல்லிவிட்டார். சிங்கப்பெருமாள் கோயிலில் என் வீடு லிண்டல் மட்டத்தில் நிற்கிறது மச்சான். சந்தேகமிருந்தால் வேறு யாரையாவது முகரச் சொல்லிப் பார்.

கிருபா

மாமல்லபுரம்,
18.3.2025

கிருபா,

வேறு யாரை? இங்கே எல்லாரும் என் மூக்கைக் கேட்டுத்தான் சுருட்டு எடுக்கிறார்கள். வைக்கோல்கூட இதைவிட மணக்கும். நட்பு வேறு, வேலை வேறு. பெட்டி திரும்புகிறது.

பெஞ்சமின்

மாமல்லபுரம்,
9.6.2025

மச்சான்,

நீ ஊருக்கு வந்தபின் நான் எழுதும் மூன்றாவது கடிதம் இது. முதல் இரண்டையும் நீ பிரித்தாயோ என்னவோ, மறுபடி சொல்கிறேன்.

போன மாதம் வீட்டில் கேஸ் கசிந்தது. நான் அடுப்புப் பக்கத்திலேயே பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். ஜாக்குலின் தெருவிலிருந்து ஓடிவந்து, "இன்னா மனுசன்யா நீ, நாத்தம் கூடவா தெர்ல?" என்றாள். செங்கல்பட்டு டாக்டர், போன வருடக் காய்ச்சலிலேயே மூக்கு போயிருக்கும், இனி வராது என்றார்.

உன் சுருட்டு நன்றாகத்தான் இருந்தது. உன் முதலாளிக்கு எல்லாவற்றையும் எழுதினேன். வேறு ஆளைப் போட்டாகிவிட்டதாம். ஞாயிற்றுக்கிழமை உன் வாசலில் நின்றேன். உன் மனைவி சுஜாதா வந்து, "உள்ளதான் கீறாரு அண்ணா. உங்கள பாக்க மாட்டாராம்" என்றது. சொல்லும்போதே அழுதது.

பாரிலும் சொல்லிவிட்டேன். இப்போது கிளாஸ் கழுவுகிறேன். முந்தாநாள் துபாயிலிருந்து புதுப் பெட்டி வந்தது. என் இடத்தில் போட்டிருக்கும் பரணிதரன் முகர்ந்து பார்த்து நல்ல சரக்கு என்றான். எல்லாவற்றையும் எடுத்து அடுக்கிய பிறகு, காலிப் பெட்டியின் அடியில் கைவிட்டுப் பார்த்தேன்.

பெஞ்சமின்