பழைய மடையின் அடைப்புக்கட்டை

வைகாசி 9, வெள்ளி

விடிகாலையில் தூறல். எட்டு மணிக்கெல்லாம் சுள்ளென்று வெயில். மாட்டுக்குத் தவிடு, முழங்காலுக்குத் தைலம் வாங்க வேண்டும்.

டீக்கடையில் கேட்டது: கண்மாயின் பழைய மடையைத் திங்களன்று தோண்டப் போகிறார்களாம். பழைய மடை மூடிய பிறகு வேறிடத்தில் வைத்த இரும்பு ஷட்டர் துருப்பிடித்து இற்றுப்போனது. பழைய மடை இருந்த இடத்திலேயே புதிது கட்டப்போகிறார்கள். கான்ட்ராக்டர் ஆள் வந்து அந்த இடம் எது என்று விசாரித்தான். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் டீயைப் பார்த்தேன்.

தெரியாமலா. கரை வளைகிற முனையிலிருந்து தெற்கே நாற்பது எட்டு வைத்தால் மடை. சொல்லவில்லை. தவிடு வாங்கவும் மறந்துவிட்டேன்.

வைகாசி 10, சனி

புழுக்கம். சாப்பாடு இறங்கவில்லை.

பள்ளிக்கூடம் போகாதவன் நான். கிழவனான பிறகு முதியோர் வகுப்பில் கற்ற எழுத்து. வாயால் சொல்ல முடியாததை எழுதியாவது வைக்கிறேன்.

பழைய மடை என்பது கரைக்கு அடியில் கல்லால் கட்டிய குழாய் ஒன்று. அதன் வாயில் மருத மரக் கட்டை. தண்ணீருக்குள் முங்கிப் போய் அதைப் பிடுங்கினால் வயலுக்குத் தண்ணீர் போகும். திரும்ப முங்கி அடைக்க வேண்டும். ஊருக்கு இந்த மடை வேலை பார்த்தது தாத்தா, அப்பா, பிறகு நான். அடைக்க மூன்று முங்கு. முதல் முங்கில் வைக்கோல்பிரி சுற்றிய கட்டையை வைப்பது, இரண்டாவதில் குதிகாலால் மிதித்து இறுக்குவது, மூன்றாவதில் சுற்றிக் கைவைத்துத் தண்ணீர் இழுக்கிறதா என்று பார்ப்பது.

வாலிபத்தில் ஒரு நாள் மடையை அடைத்துக்கொண்டிருக்கிறேன், அன்றைக்கு என் பெஞ்சாதி சின்னம்மாளுக்கு மூத்த பிள்ளைப் பேறு. வீட்டிலிருந்து ஆள் வந்து கரையில் நின்று கத்துகிறான். இரண்டு முங்கோடு ஏறி ஓடிவிட்டேன்.

மறுநாள் காலை வாய்க்கால் கொள்ளாமல் தண்ணீர். முங்கிப் பார்த்தேன், இழுப்பு. கிட்டப் போக முடியவில்லை. மூன்றே நாளில் கண்மாய் காலி. மடை வாய்மேல் கரை சரிந்து மண் மூடிக்கொண்டது. நெல் பால் பிடிக்கிற நேரம். ஊர்க்கூட்டத்தில் யாரும் என்னை எதுவும் கேட்கவில்லை. நானாகவே எழுந்து, மூன்றாவது முங்கு போடவில்லை, தப்பு என்னுது என்று சொன்னேன். அத்தோடு மடை வேலையை விட்டேன்.

அதிகம் போனது சின்னம்மாள் தம்பி கருப்பணனுக்கு. பயிரெல்லாம் சருகு. வயலை விட்டுவிட்டு ஆரப்பாளையத்தில் லாட்ஜ் வேலைக்குப் போனான். இப்போது ஆனையூரில் மகன் வீட்டில். நல்லது கெட்டதுக்கு வருவான். என்னிடம் ‘வாங்க’, ‘சாப்பிடுங்க’ அவ்வளவுதான்.

தோண்டினால் கட்டை இல்லாமல் குழாய் வாய் திறந்து கிடக்கும். ஊரே பார்க்கும்.

வைகாசி 12, திங்கள்

மேகமூட்டம். போகவேண்டாம் என்று படுத்தேன். சின்னம்மாள் விடவில்லை. “போயிப் பாத்துட்டு வாங்க. மூணு நாளா புரண்டு புரண்டு படுத்து என் உசுர எடுக்குறீக.”

போனபோது பொக்லைன் தப்பான இடத்தில் தோண்டிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. எட்டு வைத்து அளந்து இடத்தைக் காட்டினேன். மதியம் வரை களிமண். பிறகு கல். பிறகு ஆட்கள் மண்வெட்டியால். நான் கருவேல நிழலில், முதுகைக் காட்டிக்கொண்டு.

கொத்தனார் சத்தம் கேட்டது. “யாரு பெருசு இத அடிச்சு வச்சது? கடப்பாறைக்கே அசைய மாட்டேங்குது.”

இறங்கிப் போனேன். யாரோ கையைப் பிடித்துக்கொண்டார்கள், யாரென்று பார்க்கவில்லை. கட்டை இருந்தது. வாய் நிறைய, இறுக்கமாக, நான் மிதித்த மாதிரியே. கறுத்திருந்தது, இற்றுப்போகவில்லை.

“நான்தான்” என்றேன்.

கட்டைக்கு நாலடி உள்ளே குழாயின் மேல்கல் இரண்டாக முறிந்திருந்தது. அதற்கு மேல் கரை மண்ணில் ஆள் நுழைகிற அளவு பொந்து. தண்ணீர் கட்டை வழியாகப் போகவே இல்லை. பொந்து வழியாக இறங்கிக் குழாய்க்குள் ஓடியிருக்கிறது. மூன்று முங்கு இல்லை, முப்பது போட்டிருந்தாலும் நிற்காது.

கொத்தனாருக்கு ஒன்றும் புரியவில்லை. “எதுக்கு பெருசு அழுகுறீக” என்று பீடி நீட்டினான். பீடியை விட்டு வெகுகாலம். வாங்கிக்கொண்டேன்.

வீட்டில் சொன்னேன். சின்னம்மாள் அரிசி களைந்துகொண்டே கேட்டாள். கடைசியில், “நாலு தோசை சேத்துத் தின்னுங்க” என்றாள். ஆறு தின்றேன்.

வைகாசி 13, செவ்வாய்

நல்ல தூக்கம். மாடு கத்தித்தான் எழுந்தேன். தவிடு வாங்கியாயிற்று.

கருப்பணனுக்குப் போன். நம்பரைச் சின்னம்மாள் போட்டுக் கொடுத்தாள். கட்டை, முறிந்த கல், பொந்து எல்லாம் சொன்னேன்.  

பிறகு சொன்னான். “மச்சான், நான் கோவத்துல பேசாம இருந்தேன்னா நெனச்சீக? கோவம் ஒரு வருசத்துலயே போயிருச்சு. தப்பு என்னுதுன்னு சபையில ஒத்துக்கிட்ட மனுசன்கிட்ட வந்து என்னத்தப் பேசுறது? வாய் வரல.”

எனக்கும் வரவில்லை, மாப்ள, என்றேன். ஞாயிற்றுக்கிழமை வருவதாகச் சொன்னான்.

வைகாசி 14, புதன்

காற்று. துணி காயப்போட முடியவில்லை என்று சின்னம்மாள் புலம்பல்.

ஞாயிறு வரை பொறுக்கவில்லை அவனுக்கு. முதல் பஸ்ஸில் வந்து நிற்கிறான். அக்காவிடம் காபிகூட வாங்கவில்லை. கட்டையைப் பார்க்க வேண்டுமாம். வாசலில் நின்று, “அங்க என்னத்த எழுதிக்கிட்டு இருக்கீக, வாரீகளா இல்லையா மச்சான்” என்கிறான். போகிறேன்.