வெட்டவா, இருக்கவா

அன்பு வாலு,

இங்கே எல்லாரும் நலம். நீயும் நலம் என்று உன் அம்மா நம்புகிறாள். "சாப்பிட்டேன்" என்று நீ இழுத்துச் சொல்வதைக் கேட்டால் எனக்கு நம்பிக்கை வரவில்லை. உன் தம்பி மீசையை எடுத்துவிட்டு, கண்ணாடியைப் பார்த்துத் தானே பயந்து போனான். அடுத்த மாதம் நீ வருவாய் என்று மாடி அறைக்கு வெள்ளையடித்தாயிற்று. அந்த விஷயத்துக்கே வருகிறேன், சுற்றி வளைக்க எனக்குத் தெரியாது. உனக்கும் எனக்கும் பத்தொன்பது வயசுதான் வித்தியாசம், பெரிய மனுஷத்தனமாக அறிவுரை சொல்லவும் வராது.

உன் ஆராய்ச்சியைப் பற்றி நீ போனில் சொன்னது எனக்குப் புரிந்தவரை இதுதான், தப்பென்றால் திட்டு. குவாண்டம் டெலிபோர்ட்டேஷனில் துகள் எங்கேயும் போவதில்லை, அதன் நிலை மட்டும் மறுமுனைத் துகளில் வந்து உட்காருகிறது. அதற்கு முனைக்கு ஒன்றாக, ஒன்றோடொன்று பிணைந்த துகள் ஜோடி வேண்டும். ஜோடியைக் காக்க வைத்தால் சுற்றுப்புறம் அந்தப் பிணைப்பைத் தின்றுவிடும், அனுப்பும் தரம் விழும். விழுந்ததும் நீ அளப்பதை நிறுத்திவிடுவாய், பொறுமையில்லாதது என் ரத்தம். அன்றைக்கு மட்டும் நிறுத்த மறந்து சாப்பிடப் போய்விட்டாய், திரும்பி வந்து பார்த்தால் விழுந்த தரம் மறுபடி ஏறியிருக்கிறது. சுற்றுப்புறத்துக்கு ஞாபகம் உண்டு, எடுத்ததில் கொஞ்சம் திருப்பித் தருகிறது என்கிறாய் நீ. கருவிக் கோளாறு, அந்தப் பகுதியை வெட்டிவிட்டு அறிக்கையைக் கொடு என்கிறார் உன் புரொபசர். மறுபடி அளக்க இன்னும் ஆறு மாதம் ஆகும், வெட்டவா, இருக்கவா என்று கேட்டாய்.

இரு. குளிர்பதன அறை போடுகிறவன் நான், சூடான சரக்கை வெளியே எடுத்த பிறகும் சுவர் தான் வாங்கிய சூட்டை மெதுவாகத் திருப்பிக் கொடுப்பதைத் தினம் பார்க்கிறேன். அது உன் கணக்குக்குச் சாட்சி ஆகாது, தெரியும். கோளாறா ஞாபகமா என்பது மறுபடி அளந்தால்தான் தெரியும். கோளாறு என்றால் கோளாறு என்றே எழுதிவிட்டு வா, யார் கேட்கப் போகிறார்கள். அளக்காமல் வெட்டினால் இங்கே வந்தும் அதையே நோண்டிக்கொண்டிருப்பாய், உன்னோடு என்னால் மாரடிக்க முடியாது.

எல்லாவற்றையும், நீ வர இன்னும் ஆறு மாதம் ஆகும் என்பதையும் அம்மாவிடம் சொன்னேன். "எடுத்ததைத் திருப்பித் தருதாமா? இவ எடுத்துட்டுப் போன என் ஸ்வெட்டர் எப்ப வருமாம்?" என்றாள். அப்படியென்றால் சம்மதம்தான். அதுவரை மாடி அறையில் துணி காயப்போடலாமே என்று நான் சொன்னதற்கு மட்டும் என்னை முறைத்தாள்.

நன்றாக இரு, நினைத்தது நடக்கட்டும். அந்த ஸ்வெட்டரைப் போட்டுக்கொள். தரம் விழுந்தால் நிறுத்தாதே, இந்தத் தடவை வேண்டுமென்றே சாப்பிடப் போ.

இப்படிக்கு,
உன் அவசரக்கார அப்பா