உங்கள் துவக்கின் பச்சைப் புள்ளி

போத்தல் திறப்பானைத் தேடிக் கரண்டிகள் போடுகிற மேசை லாச்சியைக் கிண்டினேன். மூலையில் கடதாசியில் சுற்றிய ஒரு சின்னக் கறுப்பு இரும்பு அகப்பட்டது. விரித்ததும் துவக்கெண்ணெய் மணத்தது. கைத்துவக்கின் மேலிருந்து குறிபார்க்கிற துண்டு. நீங்கள் சைட் என்பீர்கள். கழற்றிய பழசைக் கரண்டிகளோடு போட்டுவைக்க உங்களைத் தவிர யாருக்கு மனம் வரும்? லைசென்ஸ் உங்கள் பேரில்தான் என்று துவக்கைப் பொலிஸ் கொண்டுபோய்விட்டது. இது மட்டும் மிஞ்சியிருக்கிறது.

ஆமிக்காரனின் துவக்குக்குப் பயந்து ஜேர்மனியின் டுசல்டோர்ஃப் வரை ஓடிவந்த மனிசன், தலை நரைத்த பிறகு துவக்குச் சுடும் கழகத்தில் சேர்ந்தபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வாரம் முழுக்கப் பார்சல் வான் ஓடுகிற உங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, பக்கத்தில் இருத்திப் பியர் வாங்கித் தருகிற இடம் அது ஒன்றுதான் என்பது மெல்லத்தான் எனக்கு விளங்கியது.

பிறகு உங்கள் குறி தவறத் தொடங்கியது. துவக்கின் நுனி பனிப்புகார் மூடினது போலத் தெரிகிறது என்றீர்கள். சீனி வருத்தம் கண்ணுக்கு இறங்கிவிட்டது என்று சொல்லி, கண் டொக்டரைப் பார்க்க நாள் குறித்து நானே டெர்மின் எடுத்துத் தந்தேன். உங்களுக்குப் பயம். கண் சரியில்லை என்று டொக்டர் சொல்லிவிட்டால் வான் ஓட ஏலாது, வேலை போய்விடும். அதனால் புது சைட் ஒன்று வாங்கினீர்கள், பச்சைப் புள்ளி மினுங்குகிற சாமான்.

குளிரில் சுருங்கினால் லேசாக இறங்கும் என்று அதை ஃபிரீசரில் அறக்குளா மீனுக்குப் பக்கத்தில் வைத்திருந்தீர்கள். ஞாயிறு மதியம் சமையல் மேசையில் துவாயை விரித்து, துவக்கு வெறுமை என்று எனக்குத் திறந்து காட்டிவிட்டு, மேல்பாகத்தைக் கழற்றினீர்கள். பித்தளைக் கம்பியை வைத்துத் தட்டப் பழையது கழன்றது. புதியதைப் பக்கவாட்டில் காடி வெட்டுக்குள் செருகி, தட்டித் தட்டி நடுவுக்குக் கொண்டுவர வேண்டும். அங்கேதான் நின்றுபோனீர்கள்.

"இஞ்சை பாரும், நடுவுக்கு வந்திட்டுதோ?"

"ஏன், உங்களுக்குத் தெரியேல்லையோ?"

"லைற் காணாதப்பா."

யன்னல் வெயில் மேசை முழுக்கக் கிடந்தது.

"இஞ்சாருங்கோ, நீங்கள் கட்டாயம் டெர்மினுக்குப் போறியள்."

"ஓமோம், போறன். இப்ப எந்தப் பக்கம் தட்ட? அதைச் சொல்லும்."

"கொஞ்சம் இடப்பக்கம். காணும், காணும், நிப்பாட்டுங்கோ."

அடுத்த பயிற்சியில் எல்லாம் நடுவட்டத்திலேயே விழுந்ததாம். சின்னப்பிள்ளை மாதிரிச் சிரித்துக்கொண்டு வந்தீர்கள். "பாத்தீரோ? பிழை கண்ணிலை இல்லை, சைட்டிலை." டெர்மினை நீங்களே போன் எடுத்து நிறுத்தினீர்கள். கத்தினேன், பேசாமல் இருந்து பார்த்தேன். உங்கள் மண்டையில் ஒன்றும் ஏறவில்லை.

நவம்பரில் ஒரு காலை, தெரு வளைகிற இடத்தில் உங்கள் வான் நேராகவே போய் மரத்தில் மோதியது. பிரேக் அடித்த தடமே இல்லை என்றார் பொலிஸ்காரர்.

செத்தவீட்டில் எங்கள் ஆட்கள் வாய்க்கரிசி போட்டு முடிய, கழகத்தார் சீருடையோடு, கொடியைச் சரித்துப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். நீங்கள் கடைசியாகச் சுட்ட இலக்கு அட்டையைத் தலைவர் உங்கள் நெஞ்சில் வைத்தார். நடுவில் எல்லாம் சேர்ந்து ஒரே ஓட்டை. அழுதுகொண்டே என் கையைப் பிடித்து, "உங்கள் கணவருக்கு என்ன ஒரு கண்!" என்றார்.

அந்த அட்டையைப் பறித்துக் கிழிக்க என் கை துடித்தது. "டாங்கே" என்று நன்றி சொன்னேன்.

அழுகை எப்போதோ ஓய்ந்துவிட்டது. உங்கள் மேலுள்ள கோபம்தான் இன்னும் என்னோடு இருக்கிறது. அதையும் விட்டுவிட்டால், இந்த வீட்டில் உங்களோடு பேச எனக்கு வேறு ஒன்றுமில்லை.